வீட்டுப்பாடத்தில் 9, தேர்வில் 31: ஒரு பிரெஞ்சு மாணவியின் 11 வாரங்கள்

அவளுக்கு 15 வயது. பத்தாம் வகுப்பு. வீட்டில் தமிழ், பள்ளியில் மற்றப் பாடங்கள் எல்லாம் ஆங்கிலத்தில், இரண்டாம் மொழி பிரெஞ்சு. மூன்றாவது வருடமாகப் படிக்கிறாள். அவளுடைய அம்மா அவளை என்னிடம் கூட்டி வந்தபோது மேசையில் இரண்டு பொருட்களை வைத்தார்: பிரெஞ்சு வீட்டுப்பாட நோட்டு, பருவத் தேர்வின் விடைத்தாள். நோட்டில் பக்கத்துக்குப் பக்கம் பத்துக்கு 9, சில இடங்களில் 10. விடைத்தாளில் 80க்கு 31.

"தினமும் ரெண்டு மணி நேரம் பிரெஞ்சுதான் மேடம் எழுதுறா. அப்புறமும் இப்படி வருதுன்னா, இவளுக்கு இந்த மொழியே வராதோன்னு பயமா இருக்கு."

அவள் தலையைக் குனிந்துகொண்டிருந்தாள். என்னதான் கஷ்டம் என்று நான் கேட்டதற்கு ஒரே ஒரு வரிதான் சொன்னாள்: "படிச்சா புரியுது மிஸ். எழுதத்தான் வரல." அந்த வரியை நான் அப்போதே சரியாகக் காதில் வாங்கியிருந்தால் இரண்டு வாரம் மிஞ்சியிருக்கும்.

ஆண்டுத் தேர்வுக்கு 11 வாரம் இருந்தது. பிரெஞ்சு மட்டும் இல்லை, கணிதமும் அறிவியலும் அதே மாதத்தில். முதல் வாரம் எந்தப் பாடத்துக்கு எவ்வளவு நேரம் போகிறது என்று ஒரு தாளில் குறிக்கச் சொன்னேன். பிரெஞ்சுக்கு 9 மணி 20 நிமிடம். கணிதத்துக்கு 5 மணி. ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஒரே மூச்சில் மூன்றரை மணி நேரம் பிரெஞ்சு. அதிக நேரம் கொடுத்த பாடத்தில்தான் மிகக் குறைந்த மதிப்பெண்.

என் முதல் தவறு

இலக்கணம் பலவீனமாக இருக்கிறது, கூடுதல் பயிற்சி வேண்டும் என்று முடிவு கட்டினேன். இரண்டு வாரம் பயிற்சித் தாள்களாகக் கொடுத்தேன். எல்லாம் திரும்பி வந்தன, எல்லாம் சரியாக இருந்தன. அவளுடைய வேலை நேரம் கூடியதுதான் மிச்சம். இரண்டாம் வாரக் கடைசியில், வீட்டில் 10க்கு 10 வாங்கிய அதே தாளை என் முன்னால், நோட்டு எதுவும் இல்லாமல் மறுபடி எழுதச் சொன்னேன். மூன்று சரி. ஏழு தவறு.

அவளுக்கு முகம் சிவந்துவிட்டது. "நான் யாரையும் ஏமாத்தல மிஸ்" என்றாள். அது உண்மை. அவள் ஏமாற்றவில்லை. வீட்டுப்பாடம் என்றால் குறையில்லாமல் எழுதிக் கொடுக்க வேண்டும் என்றுதான் அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அதை நேர்மையாகச் செய்துகொண்டிருந்தாள்.

பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தது

அடுத்த நாள் அவள் வழக்கமாக எப்படி எழுதுவாளோ அப்படியே எழுதச் சொல்லிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். பத்து வாக்கியங்களை நிகழ்காலத்திலிருந்து இறந்தகாலத்துக்கு மாற்ற வேண்டும். முதல் வாக்கியம்: 'அவள் பள்ளிக்குப் போகிறாள்.' பிரெஞ்சு வாக்கியத்தைப் படித்தாள், மனதுக்குள் ஆங்கிலமாக்கினாள், ஆங்கில வாக்கியத்தை இறந்தகாலமாக்கினாள், அதைப் போனில் மொழிபெயர்ப்புச் செயலியில் தட்டினாள், வந்த பிரெஞ்சு விடையை நோட்டில் அழகாக எழுதினாள். உச்சரிப்புக் குறி ஒவ்வொன்றையும் எண்ணிப் பார்த்தாள். அடிக்கோடு போட ஸ்கேல் எடுத்தாள். பத்து வாக்கியத்துக்கு 48 நிமிடம்.

அந்த 48 நிமிடத்தில் பிரெஞ்சு அவள் கண் வழியாகப் போய்க் கை வழியாக வெளியே வந்தது. நினைவிலிருந்து ஒரு சொல்லைக்கூட அவள் எடுக்கவில்லை. தேர்வு அறையிலோ எடுப்பது மட்டும்தான் வேலை. வீட்டுப்பாடமும் தேர்வும் ஒரே பாடத்தின் இரண்டு கட்டங்கள் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோம். இவள் விஷயத்தில் அவை வேறு வேறு வேலைகள். ஒன்றை மூன்று வருடமாகப் பழகி, மற்றொன்றில் தேர்வு எழுதிக்கொண்டிருந்தாள். அம்மாவுக்கும் பள்ளிக்கும் எனக்கும் இது தெரியாமல் போனதற்குக் காரணம் அந்தப் பத்துக்கு 9தான். நோட்டு நன்றாக இருந்ததால் யாரும் நோட்டைச் சந்தேகப்படவில்லை. பிள்ளையைத்தான் சந்தேகப்பட்டோம்.

விடைத்தாளைப் பிரித்தபோது

பிறகு அந்த 31 மதிப்பெண் விடைத்தாளை வரி வரியாகப் பிரித்தோம். வாசிப்புப் பத்தியில் 20க்கு 14. இலக்கணத்தில் 30க்கு 6. எழுத்துப் பகுதியில் 20க்கு 7. சொல்வளத்தில் 10க்கு 4. 'படிச்சா புரியுது, எழுதத்தான் வரல' என்று அவள் சொன்னது மதிப்பெண்ணிலேயே தெரிந்தது.

இலக்கணத்திலும் எழுத்திலும் போனது மொத்தம் 37. ஒவ்வொரு மதிப்பெண்ணும் எதனால் போனது என்று பக்கத்தில் குறித்துக்கொண்டே வந்தோம். இறந்தகாலத் துணைவினையில் 13, பெயர்ச்சொல்லின் பாலில் 9, வினையின் ஒலிக்காத கடைசி எழுத்துகளில் 8. மூன்றே வகைத் தவறு 30 மதிப்பெண்ணைக் கொண்டுபோயிருந்தது. "எனக்கு பிரெஞ்சே வராதுன்னு நினைச்சேன். மூணு விஷயம்தான் வரலையா மிஸ்?" என்று கேட்டாள். அன்றைக்குத்தான் முதல்முறையாக நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

இந்த மூன்றையும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் பிரெஞ்சு படிக்கும் தமிழ்ப் பிள்ளைகள் பலரிடம் இவையே திரும்பத் திரும்ப வருகின்றன.

முதலில் துணைவினை. பிரெஞ்சில் பேச்சு வழக்கு இறந்தகாலத்துக்கு ஒரு துணைவினை வேண்டும். பெரும்பாலான வினைகளுக்கு 'அவ்வார்', அதாவது 'கொண்டிரு'. போதல், வருதல் போன்ற சிலவற்றுக்கு 'ஏத்ர்', அதாவது 'இரு'. பாடப்புத்தகங்கள் இந்தச் சிறிய கூட்டத்தில் பதினாறு, பதினேழு வினைகளைப் பட்டியலிடும். தன்னையே குறிக்கும் வினைகளும் இதோடு சேரும். 'அவள் போனாள்' என்பது 'ஏத்ர்' வடிவமான 'ஏ' சேர்ந்து 'எல் ஏ தலே'. இவள் எழுதியது 'அவ்வார்' வடிவமான 'ஆ' போட்டு 'எல் ஆ அலே'. ஆங்கிலத்தின் 'ஹேஸ் கான்' மனதில் இருப்பதால் 'கொண்டிரு' தானாக வந்து விழுகிறது.

நான் அவளிடம் கேட்டேன், "ஆங்கிலத்தை விடும்மா. 'போய்விட்டு இன்னும் அங்கேயே இருக்கிறாள்'னு தமிழ்ல ஒரே சொல்லா சொல்லு." "போயிருக்கிறாள்." "அதுக்குள்ள என்ன இருக்கு?" கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இரு இருக்கு!" என்றாள். தமிழ் எல்லா வினைக்கும் 'இரு' போடும், பிரெஞ்சு அப்படிப் போடாது, அதனால் இந்த ஒப்புமை முழுக்கப் பொருந்தாது என்பதையும் கூடவே சொன்னேன். ஆனால் அடுத்த படியில் தமிழ் இன்னும் நன்றாகக் கைகொடுத்தது. 'ஏத்ர்' வந்தால் முக்கிய வினையின் முடிவு எழுவாயோடு ஒத்துப்போக வேண்டும்: ஆண் போனால் ஒரு வடிவம், பெண் போனால் கடைசியில் ஒரு 'ஈ' எழுத்து கூடும், பலர் போனால் 'எஸ்' கூடும். ஆங்கில வழியில் இது தலைவலி. தமிழில்? போனான், போனாள், போனார்கள். எந்தத் தமிழ்க் குழந்தையும் மூன்று வயதில் யோசிக்காமல் செய்வது.

வினைகளை அகர வரிசையில் மனப்பாடம் செய்வதை நிறுத்திவிட்டு ஜோடி ஜோடியாக எழுதினோம். போ, வா. ஏறு, இறங்கு. நுழை, வெளியேறு. பிற, இற. கடைசி ஜோடி தமிழில் எதுகையோடு அமைந்ததால் அவளுக்கு அது முதலில் ஒட்டிக்கொண்டது. நகர்வதெல்லாம் 'ஏத்ர்' என்று அவள் ஒரு விதி செய்துகொண்டு, நான் நடந்தேன் என்பதற்கு 'ஜெ சுயி மார்ஷே' என்று எழுதினாள்; நடப்பதும் ஓடுவதும் நகர்வுதான், ஆனால் 'அவ்வார்' கூட்டம். எங்கேயோ சேர்வது, எங்கிருந்தோ கிளம்புவது என்று மாற்றிச் சொன்னதும் சரியானது. பெட்டியை மேலே ஏற்றினேன் என்பதுபோலச் செயப்படுபொருள் வந்தால் அதே 'ஏறு' வினை 'அவ்வாருக்கு' மாறும் என்பதை வேண்டுமென்றே எட்டாவது வாரம் வரை தள்ளிப்போட்டேன். அடித்தளம் ஆடும்போது விதிவிலக்கைக் கொடுத்தால் இரண்டும் போய்விடும்.

இரண்டாவது, பால். மேசை பெண்பால், புத்தகம் ஆண்பால். உயிரில்லாதது எல்லாம் அஃறிணை என்று பழகிய நமக்கு இது ஏற்கவே முடியாத விஷயம், காரணம் தேடினால் கிடைக்காது. ஆனால் சொல்லின் முடிவு நிறையச் சொல்லிவிடும். 'ஸியோன்' என்று முடிபவை அநேகமாக எல்லாமே பெண்பால். 'மான்' என்று முடியும் பெயர்கள் பெரும்பாலும் ஆண்பால். 'ஆஜ்' என்று முடிபவையும் பெரும்பாலும் ஆண்பால்தான். பக்கம், கடற்கரை, படம், கூண்டு என்ற அர்த்தமுள்ள சொற்கள் போன்ற சில அதற்கு விலக்கு. இவள் பெயர்ச்சொல் பட்டியலை, பாலைக் காட்டும் முன்சொல் இல்லாமல் எழுதி வைத்திருந்தாள். அதைக் கிழித்துப் போட்டுவிட்டு 'லா தாப்ல்', 'லெ லிவ்ர்' என்று சேர்த்தே எழுத ஆரம்பித்தாள்.

மூன்றாவது, ஒலிக்காத எழுத்துகள். 'பேசு' என்ற வினையில் நான் பேசுகிறேன், நீ பேசுகிறாய், அவர்கள் பேசுகிறார்கள் மூன்றும் காதுக்குப் 'பார்ல்' என்றே கேட்கும். எழுத்தில் மூன்றும் வேறு. பேச, பேசிய, நீங்கள் பேசுகிறீர்கள் மூன்றும் 'பார்லே'. காதை நம்பி எழுதும் பிள்ளை இங்கே கட்டாயம் விழும். இதற்குக் குறுக்கு வழி கிடையாது. வினையை எழுதியதும் பென்சிலால் எழுவாய்க்கு ஒரு அம்பு போடு, அது யார் என்று பார், அப்புறம் கடைசி எழுத்தை எழுது. அவ்வளவுதான்.

மூன்றுக்கும் சேர்த்து அவளே ஒரு பெயர் வைத்தாள்: துணை, பால், வால்.

மாற்றியது

வீட்டுப்பாடத்தின் வரிசையைத் தலைகீழாக்கினோம். முதலில் எல்லாவற்றையும் மூடிவிட்டுப் பென்சிலில் நினைவிலிருந்து 15 நிமிடம். தெரியாத இடத்தில் கோடு போட்டு விட்டுவிட வேண்டும். பிறகு புத்தகத்தைத் திறந்து பச்சை மையில் திருத்த வேண்டும். பென்சிலை அழிக்கக் கூடாது. செயலியை நான் தடை செய்யவில்லை, கடைசிக்குத் தள்ளினேன்: திருத்திய பிறகும் சந்தேகம் இருந்தால் ஒரு சொல்லைத் தேடலாம். முழு வாக்கியத்தைத் தட்டுவது மட்டும் வேண்டாம்.

செயலியின் மேல் அவளுக்கிருந்த நம்பிக்கை குறைந்தது நான் சொன்னதால் இல்லை. தோழிக்குக் கடிதம் எழுதும் பயிற்சி ஒன்றை ஆங்கிலத்தில் தட்டியபோது செயலி பாதிக் கடிதத்தில் 'து' என்றும் மீதியில் 'வூ' என்றும் கொடுத்திருந்தது. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல், அதற்கு எப்படித் தெரியும்? ஆனால் தமிழ் பேசுகிறவளுக்கு நீ, நீங்கள் வித்தியாசம் நாக்கிலேயே இருக்கிறது. "தோழியை நடுவுல திடீர்னு 'நீங்க'ன்னு கூப்பிடுது மிஸ்" என்று அவளே கண்டுபிடித்தாள். 'எனக்குப் பசிக்கிறது' என்பதும் அப்படித்தான். ஆங்கில வழியில் போனால் 'நான் பசி' என்ற பொருளில் 'ஜெ சுயி ஃபேன்' என்று தவறு வரும். பிரெஞ்சு சொல்வது 'ஜே ஃபேன்', என்னிடம் பசி இருக்கிறது. பசியே நானாகிவிடுவதில்லை என்பதில் தமிழும் பிரெஞ்சும் ஒரே பக்கம்.

மூடி வைத்து எழுதுவது ஏன் உதவும் என்று அம்மாவுக்கு விளக்க வேண்டியிருந்தது. 2006இல் உளவியலாளர்கள் ஹென்றி ரோடிகரும் ஜெஃப்ரி கார்ப்பிக்கியும் செய்த சோதனையைச் சொன்னேன். கல்லூரி மாணவர்கள் ஒரு பத்தியைப் படித்தார்கள். பிறகு சிலர் அதையே மறுபடி படித்தார்கள், சிலர் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது மறுபடி படித்தவர்கள்தான் முன்னால். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது மறுபடி படித்தவர்களுக்கு நினைவிருந்தது சுமார் 42 சதவீதம், எழுதிப் பார்த்தவர்களுக்கு 56. படிக்கும்போது வரும் 'புரிந்துவிட்டது' என்ற உணர்வு அந்த ஐந்து நிமிடத்துக்கானது. தேர்வு ஐந்து நிமிடத்தில் வருவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை மூன்றரை மணி நேரத்தை எடுத்துவிட்டோம். அதற்குப் பதில் தினமும் 25 நிமிடம். உளவியலாளர் ஹெர்மன் எப்பிங்ஹாஸ் தன்னையே வைத்துச் சோதித்து 1885இல் வெளியிட்டதிலிருந்தே தெரிந்த விஷயம்தான்: மறதி முதல் சில மணி நேரத்தில் வேகமாகவும் பிறகு மெதுவாகவும் நடக்கிறது, இடைவெளி விட்டுத் திரும்பப் படித்தால் குறைந்த உழைப்பில் நிற்கிறது. இதற்கு 1972இல் செபாஸ்டியன் லைட்னர் பிரபலமாக்கிய அட்டைப் பெட்டி முறையை எடுத்துக்கொண்டோம். சரியாகச் சொன்ன அட்டை அடுத்த அறைக்குப் போகும், தவறினால் முதல் அறைக்குத் திரும்பும். முதல் அறை தினமும், இரண்டாவது மூன்று நாளுக்கு ஒருமுறை, மூன்றாவது வாரத்துக்கு ஒருமுறை.

நடுவில் சறுக்கியவை

முதல் சறுக்கல் உடனே வந்தது. பச்சை மையோடு கொடுத்த முதல் வீட்டுப்பாடத்துக்குப் பள்ளியில் 10க்கு 6. அம்மா அன்று ராத்திரியே போன் செய்தார். "ஒன்பது வாங்கிட்டிருந்த பொண்ணு ஆறுக்கு வந்துட்டா மேடம்." அவருடைய பதற்றம் எனக்குப் புரிந்தது, வீட்டுப்பாட மதிப்பெண்ணும் எங்கேயோ கணக்கில் சேரும். அந்த ஆறுதான் இந்த மூன்று வருடத்தில் நமக்குக் கிடைத்த முதல் நிஜமான எண் என்று சொன்னேன். முழுக்கச் சமாதானமாகவில்லை, இரண்டு வாரம் பொறுப்பதாகச் சொன்னார். மாணவியே பள்ளி ஆசிரியையிடம் போய், "முதல்ல பார்க்காம எழுதிட்டு அப்புறம் திருத்தறேன் மிஸ்" என்று சொல்லியிருக்கிறாள். அவர் திருத்தத்துக்கும் மதிப்பெண் தர ஒத்துக்கொண்டார். இந்த ஒரு சொல் கிடைக்காமல் போயிருந்தால் முழு ஏற்பாடும் மூன்றாவது வாரத்திலேயே முடிந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

அப்புறம் அட்டைகள். ஒரே நாளில் 140 அட்டை செய்துவிட்டாள், நாலு மணி நேரம், நாலு நிறத்தில். அட்டை செய்வதும் நோட்டை அழகாக்குவதும் ஒரே பழக்கம்தான், வேறு உருவத்தில். அவள் மனம் நோகாமல் சொல்ல வேண்டியிருந்தது. 100 அட்டைகளை ஒரு உறையில் போட்டு ஒட்டினோம், ஒரு நாளைக்கு ஐந்துக்கு மேல் புது அட்டை கிடையாது என்று வைத்துக்கொண்டோம்.

ஐந்தாவது வாரம் அறிவியலில் இரண்டு தேர்வு. ஐந்து நாள் பெட்டியைத் தொடவில்லை. திரும்பி வந்தபோது குவிந்து கிடந்ததைப் பார்த்து, "எல்லாம் போச்சு மிஸ்" என்று அழுதாள். அன்று பாடமே எடுக்கவில்லை. குவியலில் மேலே இருந்த 20 அட்டைகளை மட்டும் பார்த்தோம், 13 சரியாகச் சொன்னாள். ஒன்றும் போகவில்லை என்று அவள் கண்ணால் பார்க்க வேண்டியிருந்தது, நான் சொன்னால் நம்பியிருக்க மாட்டாள். அதன் பிறகு தேர்வு நாட்களுக்கென்று ஒரு குறைந்த அளவு வைத்தோம்: பத்து அட்டை, ஏழெட்டு நிமிடம், அவ்வளவு போதும். தூக்கத்தைக் குறைத்து எந்தப் பாடமும் வேண்டாம் என்பதில் மட்டும் நான் கொஞ்சமும் விட்டுக்கொடுக்கவில்லை.

எண்கள்

ஆறாவது வாரம் பள்ளியில் மாதிரித் தேர்வு. 80க்கு 46. இலக்கணம் 15, எழுத்து 11, வாசிப்பு 15, சொல்வளம் 5. ஏழாவது வாரம் மறுபடி நேரம் குறிக்கச் சொன்னேன்: பிரெஞ்சுக்கு 4 மணி 40 நிமிடம், கணிதத்துக்கு 7 மணி. பாதி நேரத்தில் கூடுதல் மதிப்பெண் வந்ததைவிட, மிச்சமான நேரம் கணிதத்துக்குப் போனதுதான் அந்த வீட்டில் அதிகம் பேசப்பட்டது.

ஆண்டுத் தேர்வுக்கு ஒரே ஒரு உத்தி சொல்லிக் கொடுத்தேன். கடைசிப் பத்து நிமிடம் புதிதாக எதுவும் எழுதாதே. விடைத்தாளை மூன்று முறை மேலிருந்து கீழே பார். முதல் முறை துணை மட்டும், அடுத்து பால் மட்டும், அடுத்து வால் மட்டும். எல்லாவற்றையும் ஒரே பார்வையில் தேடினால் எதுவும் கண்ணில் படாது. வெளியே வந்ததும் ஏழு திருத்தம் செய்ததாகச் சொன்னாள். அதில் ஒன்று சரியாக இருந்ததைத் தவறாக்கியது.

கிடைத்தது 59. வாசிப்பு 16, இலக்கணம் 22, எழுத்து 14, சொல்வளம் 7. அவள் 65ஆவது எதிர்பார்த்திருந்தாள், ஒரு நாள் முழுக்க என்னோடு பேசவில்லை.

இந்த உயர்வு முழுவதும் எங்கள் மாற்றத்தால்தான் வந்தது என்று என்னால் சொல்ல முடியாது. ஒரே ஒரு மாணவி. ஆறாவது வாரத்துக்குப் பிறகு பள்ளியிலும் பழைய பாடங்களைத் திருப்பி நடத்தினார்கள். வாசிப்புப் பகுதி ஏறக்குறைய அப்படியே இருந்ததும் மூன்று தவறுகள் இருந்த பகுதிகள் உயர்ந்ததும் எனக்கு ஓரளவு நம்பிக்கை தருகிறது. பேச்சில் நான் எதுவுமே செய்யவில்லை. தேர்வில் அதற்கு மதிப்பெண் இல்லாததால் நேரம் ஒதுக்கவில்லை, அது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

அதனால் விடுமுறையில் அதைத் தொடங்கினோம். அடுத்த வருடம் அவள் டெல்ஃப் ஏ2 என்ற பிரெஞ்சு மொழித் திறன் சான்றிதழ்த் தேர்வு எழுத விரும்புகிறாள். அதில் கேட்டல், வாசித்தல், எழுதுதல், பேசுதல் நான்குக்கும் தலா 25. மொத்தத்தில் 50 வேண்டும், எந்தப் பகுதியிலும் 5க்குக் கீழே போகக் கூடாது. முதல் வகுப்பில் சொற்கள் சேரும்போது ஒலி மாறுவதை எடுத்தேன். 'லெ' என்ற முன்சொல் உயிரெழுத்துக்கு முன்னால் தன் உயிரை இழந்து 'லாமி' ஆவதைக் காட்டியபோது, "நாடு இல்லை, நாடில்லை மாதிரியா?" என்றாள். ஆமாம் என்றேன். இருக்கிறதா என்று கேட்கும்போது 'இல்யா' திரும்பி 'யா தீல்' ஆகும், நடுவில் வரும் அந்த 'த்' எதற்கு என்று கேட்டேன். "அதுக்கு அர்த்தம் ஒண்ணும் இல்ல மிஸ். மணியடிச்சதுல வர்ற 'ய்' மாதிரி. ரெண்டு உயிர் பக்கத்துல பக்கத்துல நிக்கக் கூடாதுன்னு உள்ள வந்திருக்கு."

ஒட்டி வைத்த அந்த உறையை இப்போதுதான் பிரித்திருக்கிறாள். ஒரு நாளைக்கு ஐந்து அட்டை.